ரிமோட் டெஸ்க்டாப்: பாதிப் பேருக்கு மட்டும் தேதியில் மாதம் முன்னால் வருகிறது

இரவுப்பணி:
வணக்கம். விண்டோஸ் சர்வர் 2019. நாற்பது பேர் தங்கள் கணினியிலிருந்து ரிமோட்டில் இந்தச் சர்வருக்குள் வந்து ஒரே கணக்கு மென்பொருளில் வேலை பார்க்கிறார்கள். சர்வரில் நாள்/மாதம்/ஆண்டு என்று மாற்றிவிட்டேன். எனக்குச் சரியாக வருகிறது. பாதிப் பேருக்கு இன்னும் அமெரிக்க முறைதான். ஒருவர் 25/04 என்று அடித்ததும் பிழை வந்தது, அப்போதுதான் விஷயமே தெரிந்தது. அதற்கு முன்பு 05/04 என்று அடித்ததெல்லாம் சத்தமில்லாமல் மே 4 ஆகப் பதிவாகியிருக்கிறது! நாற்பது பேரிடமும் போய் உட்கார்ந்து மாற்றுவதைத் தவிர வேறு வழி உண்டா?

பழைய கீபோர்டு:
கண்ட்ரோல் பேனல், ரீஜியன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டேப். அங்கே காப்பி செட்டிங்ஸ் இருக்கும். 'நியூ யூசர் அக்கவுண்ட்ஸ்' டிக் செய்யுங்கள், முடிந்தது.

மூன்றாம் ஷிப்ட்:
முடியாது அண்ணே. அது இனிமேல் உருவாகும் புரொஃபைலுக்குத்தான், அதாவது புதுப் பயனரின் அமைப்புகளுக்குத்தான். ஏற்கெனவே உள்ள நாற்பது பேரை அது தொடாது. தேதி வடிவம் ஒவ்வொருவருடைய ரிஜிஸ்ட்ரியிலும் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) தனித்தனியாக இருக்கிறது. இரவுப்பணி மாற்றியது அவருடையதை மட்டும்தான்.

எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பை அனுப்ப குரூப் பாலிசி இருக்கிறது. அதில் யூசர் கான்ஃபிகரேஷன், பிரிஃபரன்சஸ், கண்ட்ரோல் பேனல் செட்டிங்ஸ், ரீஜனல் ஆப்ஷன்ஸ் போங்கள். இங்கே நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன்: கட்டத்தின் கீழே சிவப்புக் கோடு இருந்தால் அந்த மதிப்பு யாருக்கும் போகாது. எஃப்6 அழுத்தினால் அந்தக் கட்டம் பச்சையாகும், எஃப்5 என்றால் எல்லாமே. இதை எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ!

இன்னொன்று. நேர மண்டலத்தைப் பயனரின் கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளப் பாலிசி உண்டு. தேதி வடிவத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் அவர்கள் மடிக்கணினியில் மாற்றச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரவுப்பணி:
சிவப்புக் கோடேதான்! எஃப்5 அடித்த பிறகு முப்பத்து நான்கு பேருக்குச் சரியாகிவிட்டது. மீதி ஆறு பேர் லாக் ஆஃப் செய்வதே இல்லை, ஜன்னலை மூடிவிட்டுப் போகிறார்கள். ஒருவருடைய செஷன், அதாவது ஒருமுறை உள்ளே வந்து திறந்த இணைப்பு, ஒன்பது நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களை நானே வெளியே தள்ளினேன். திரும்ப வந்ததும் சரி.

மூன்றாம் ஷிப்ட்:
மென்பொருள்காரர்களிடமும் பேசுங்கள். தேதியை எழுத்தாக டேட்டாபேஸுக்கு அனுப்புகிறார்கள் என்றால் 20240405 போல எட்டு இலக்கமாக அனுப்பச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் என்றால், அது அதை எந்த மொழி அமைப்பிலும் ஒரே மாதிரிதான் படிக்கும்.

இரவுப்பணி:
கேட்டுவிட்டேன், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள். பழைய பதிவுகளுக்கு ஒரு வழி கிடைத்தது: ஒவ்வொரு வரியிலும் அது பதிவான நேரத்தைச் சர்வரே தனியாகப் போட்டு வைத்திருக்கிறது. அதைவிடப் பிந்திய தேதி உள்ளவற்றை முதலில் பிடித்தேன். நாளும் மாதமும் மாறி முந்திய தேதியில் போய் விழுந்திருக்கக்கூடியவற்றை மட்டும் வவுச்சரோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஜனவரி முடிந்தது.