மாரிக்குத் தாங்கும் சோடனை: தீபாவளி முதல் பொங்கல் வரை

கொக்குவில் அக்கா:

யாழ்ப்பாணத்தில் வீடு சோடிக்கிற நாட்கள் பல மாரிக்குள்ளேயே விழுகின்றன. தீபாவளி, விளக்கீடு (கார்த்திகைத் தீபம்), நத்தார் (கிறிஸ்மஸ்) என்று வரிசையாக வந்து, ஜனவரி 14 அல்லது 15 இல் பொங்கலோடு முடியும். கடைச் சோடனையை ஒரே இரவில் கெடுப்பது ஈரம்தான். கையால் செய்தாலும் அதே ஈரம்தான் முதல் எதிரி. ஆனபடியால் வடிவைப் பார்க்க முதல், எந்தக் கடதாசி எங்கே தாங்கும் என்று பார்க்க வேணும்.

கிரேப் பேப்பரும் றிசுப் பேப்பரும் (மெல்லிய ரிஷ்யூ கடதாசி) சாயம் விடும். சிவப்பும் ஊதாவும் மோசம், வெள்ளைச் சுவரில் வடிந்தால் பெயின்ற் அடிக்காமல் போகாது. இவை ஹோலுக்குள், இல்லாவிட்டால் மழை படாத இடத்தில் மட்டும். விறாந்தைக்குப் பிரிஸ்டல் போட்டும் மினுக்கக் கடதாசியும் தாங்கும், ஆனால் பிரிஸ்டல் போட்டின் ஓரம் சுருளும். ஒரே துண்டாக வெட்டாமல் இரண்டு துண்டை முதுகோடு முதுகு ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஈரம் இழுத்து நேராக நிற்கும். கூரைக்கு வெளியே என்றால் ஓலை, களிமண், பொலித்தீன். வேறெதுவும் வேண்டாம்.

பசை: ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா. மாவைக் கால் கோப்பைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மிச்ச முக்கால் கோப்பை கொதிக்கும்போது ஊற்றிக் கிண்ட வேணும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல் வந்ததும் இறக்கலாம். கால் தேக்கரண்டி சீனக்காரத்தூள் சேர்த்தால் பூஞ்சணம் பிந்தும். துத்தம் போட வேண்டாம், அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கிற சாமான். பைன்டர் கம் (கடையில் விற்கிற வெள்ளைப் பசை) சுகம்தான், ஆனால் மெல்லிசாகப் பூசி ஒரு இரவு முழுக்கக் காய விட வேணும். காயாமல் வெளியே கொழுவினால் திரும்பப் பால் போல் வெளுத்து வழுக்கிவிடும்.

மற்றவர்களும் அளவோடு எழுதுங்கோ. "கொஞ்சம்", "தேவையான அளவு" என்று எழுதினால் புதிசாகச் செய்கிற ஆளுக்குப் பிரயோசனமில்லை.

பாஷையூரான்:

நத்தார் வெள்ளிக்கூட்டின் (நட்சத்திர வடிவ விளக்குக் கூட்டின்) கணக்கு இது. அகலம் 7 மி.மீ., தடிப்பு 3 மி.மீ. அளவில் சீவிய மூங்கில் 10 துண்டு, ஒவ்வொன்றும் 62 செ.மீ. இரண்டு நுனியிலும் 1 செ.மீ. கட்டுக்குப் போக, 60 என்று எடுங்கோ. கட்டுக் குறியிலிருந்து உள்ளே 23 செ.மீ. இல் ஒரு கோடு, மற்றப் பக்கமும் 23 இல் ஒரு கோடு. நடுவில் 14 மிஞ்சும். தடிகள் ஒன்றையொன்று வெட்டுவது இந்தக் கோடுகளில்தான். கண்மதிப்பில் கட்டினால் ஒரு கால் நீண்டு மற்றது குட்டையாகத்தான் வரும்.

நிலத்தில் சோக்கால் 31.5 செ.மீ. ஆரையில் வட்டம் கீறி, 37 செ.மீ. இடைவெளியில் ஐந்து புள்ளி வைத்து, அதன் மேல் தடிகளை அடுக்குங்கோ. ஒவ்வொரு தடியும் ஒரு தடிக்கு மேலாலும் அடுத்ததற்குக் கீழாலும் போக வேணும். அப்படிப் பின்னினால் கட்டுகளுக்குப் பாதி வேலைதான், சட்டம் தானாகப் பூட்டிக்கொள்ளும். இப்படி இரண்டு வெள்ளி. இரண்டையும் ஐந்து நுனியிலும் சேர்த்துக் கட்டி, உள்ளே வெட்டுகிற ஐந்து இடத்திலும் 12 செ.மீ. முட்டுத்தடி கொடுத்தால் வயிறு ஊதி வரும். முட்டுத்தடிகளை ஒவ்வொன்றாக ஒரே பக்கமிருந்து போட்டுக்கொண்டு போகாதேங்கோ, எதிரெதிராகப் போடுங்கோ. இல்லாவிட்டால் கூடு முறுகும்.

கூட்டுக்கு ஒட்டுகிற றிசுக் கடதாசி 50 × 75 செ.மீ. தாள் இரண்டு காணும். ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றிவர 1 செ.மீ. மடிப்பு விட வேணும். முதலில் நடு ஐங்கோணம், பிறகு கால்கள், கடைசியாகப் பக்கவாட்டு முக்கோணங்கள். கீழ்ப்பக்க முக்கோணம் ஒன்றை ஒட்டாமல் விடுங்கோ, பல்ப் மாற்றவும் சூடு போகவும் அது வேணும்.

வல்வைப் பட்டம்:

பாஷையூரான் அண்ணையின் அளவு சரி. மூங்கிலைப் பற்றி ஒரு சொல். பொங்கலுக்குப் பட்டம் கட்டுகிற எங்கட பக்கம் பச்சை மூங்கிலைக் கட்டவே மாட்டினம். காயக் காயச் சுருங்கும், கட்டு தளரும், இரண்டு கிழமையில் கூடு ஆடத் தொடங்கும். சீவிய தடியை நிழலில் ஒரு கிழமை காய வைத்துத்தான் கட்ட வேணும். வளைகிற இடத்தில் கணு வந்தால் அந்தத் தடியை ஒதுக்குங்கோ, முட்டுக் கொடுக்கும்போது அதில்தான் முறியும். மூங்கில் கிடைக்காவிட்டால் தென்னை ஈர்க்கு மூன்றை, அடியும் நுனியும் மாறி மாறி வர, நூலால் சுற்றிப் பாவிக்கலாம். ஆனால் 60 செ.மீ. கூட்டுக்கு அது மெலிவு, 30 செ.மீ. குட்டி வெள்ளிக்குத்தான் சரி.

கட்டுக்கு நைலோன் நூல் வழுக்கும். பருத்தி நூலை நனைத்துக் கட்டினால் முடிச்சு இறுகும், மேலே ஒரு துளி பைன்டர் கம்.

றிசு தொய்ந்திருந்தால் உரித்து ஒட்ட வேண்டியதில்லை. பசை நன்றாகக் காய்ந்த பிறகு, தெளிக்கிற போத்தலால் பனி போல் தண்ணீர் அடியுங்கோ. காயும்போது கடதாசி பறை போல் இழுத்து நிற்கும். விரலால் தட்டினால் "டப்" என்று சத்தம் வரும். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் பயமில்லாமல் செய்யலாம். சிவப்பில் சொட்டு விழுந்தால் வட்டம் வட்டமாகக் கறை தெரியும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சட்டம் ஒரு பக்கம் இழுபடும், முன்னும் பின்னும் அடிக்க வேணும்.

சுன்னாகம் வயரிங்:

கூட்டுக்குள்ளே பழைய இழை பல்ப் போடவே கூடாது, அந்தச் சூட்டில் றிசு கருகும். எல்.ஈ.டி. 3 முதல் 5 வாற்ஸ் தாராளம். பல்ப்புக்கும் கடதாசிக்கும் இடையில் எந்தப் பக்கமும் 5 செ.மீ. இருக்க வேணும். 12 செ.மீ. முட்டுக்கு அதனால் ஒடுக்கமான பல்ப்தான் சரி, பெரிய உருண்டை பல்ப் கடதாசியில் முட்டும்.

ஹோல்டரின் வாய் கீழே பார்க்க வேணும். வயர் கூட்டுக்குள் போக முதல் அரை அடி கீழே தொங்கி வளைந்து ஏற வேணும். மழைத்தண்ணி அந்த வளைவில் சொட்டிப் போகும், இல்லாவிட்டால் வயர் வழியே நேராக ஹோல்டருக்குள் போகும். செலோரேப் சுற்றிய மூட்டு ஈரத்தில் கழன்றுவிடும். எங்கட வீட்டு மின்சாரம் 230 வோல்ற், விளையாட்டில்லை. வெளியே மூட்டே வேண்டாம், ஒரே வயராக இழுங்கோ. சோடனை கொழுவ முதல் ரிப் சுவிட்ச்சின் (மின் ஒழுகினால் தானாக நிற்பாட்டுகிற சுவிட்ச்) சோதனைப் பொத்தானை ஒருக்கால் அமத்திப் பாருங்கோ, விழாவிட்டால் முதலில் அதைத் திருத்துங்கோ.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பற்றரிச் சரவிளக்கின் தகடு உப்புக்காற்றில் சீக்கிரம் கறள் பிடிக்கும். நாள் முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வையுங்கோ.

சாவகச்சேரி அம்மா:

காசே செலவில்லாத சோடனை தோரணம். அதையும் பிழையாகச் செய்தால் பின்னேரத்துக்குள் வாடும். மாவிலையில் தளிர் வேண்டாம், ஒரு மணித்தியாலத்தில் தலை தொங்கும். முற்றிய இலை மடிக்க வெடிக்கும். கடும்பச்சையாகி இன்னும் மெதுவாக இருக்கிற நடுப்பருவ இலைதான் வேணும். 110 செ.மீ. அகல வாசலுக்கு 11 இலை, 10 செ.மீ. இடைவெளி, கயிறு இரண்டு பக்கமும் 15 செ.மீ. கூட. காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேலால் பின்னுக்கு மடித்து, ஈர்க்குத் துண்டால் உள்ளே குத்தி வெளியே எடுத்து மறுபடி குத்த வேணும், ஒரு தையல் போல. கம்பிப் பின் அடித்தால் கறள் வடியும். நைலோன் கயிற்றில் இலைகள் எல்லாம் நடுவுக்கு வழுக்கி வந்து குவியும், தும்புக் கயிறு பிடித்து வைத்திருக்கும்.

தென்னங்குருத்துத் தோரணத்தில் குருவி நாலு, தலை மேல்நோக்கி. மூன்று குருவி தலைகீழாய் வருவது அமங்கலத்துக்கு. படத்தைப் பார்த்துப் பழகுகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனியுங்கோ. பொங்கல் வீட்டில் மாறிக் கட்டினால் பெரியாட்கள் மனம் நோகும்.

உரும்பிராய் தங்கச்சி:

அம்மா, குருத்தை முதல் நாளே பின்னி வைக்கலாமா?

சாவகச்சேரி அம்மா:

பின்னலாம் பிள்ளை. நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி நிழலில் வை. தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தால் மடிப்பெல்லாம் மண்ணிறமாகும். சாக்கிலும் ஒரு இரவுதான், இரண்டாம் நாள் குருத்தின் இளமஞ்சள் நிறம் குறைந்துவிடும்.

வருசா வருசம் பாவிக்க வேணுமென்றால் பனங்குருத்தோலை. வெயிலில் வெளுக்கக் காயவிட்டு, ஒன்றரை செ.மீ. அகலத்தில் வார்ந்து, மடிக்க முதல் அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட வேணும். காய்ந்த ஓலையை மடித்தால் நரம்போடு நேராகக் கிழியும். பின்னி முடிந்ததும் நன்றாகக் காயாமல் பெட்டிக்குள் வைத்தால் கரும்புள்ளி விழும், அது கழுவினாலும் போகாது. பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் முடிந்த பின்னல்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் மடிப்பு எப்படிப் போகிறதென்று விளங்கும்.

நல்லூர் வளவு:

விளக்கீட்டுக்குப் புதுச் சிட்டிகளை (சின்ன மண் விளக்குகளை) மூன்று நாலு மணித்தியாலம் தண்ணீரில் போட்டு, துடைத்துக் காய வைத்த பிறகுதான் எண்ணெய் விட வேணும். இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடித்து, அடியில் ஊறி, படிக்கட்டில் வட்டக் கறை விடும்.

முற்றத்துக்கு வாழைக்குற்றி. 75 செ.மீ. துண்டு, 20 செ.மீ. நிலத்துக்குள். மாரி மண் இளகியிருப்பதால் இதைவிடக் குறைவாக நட்டால் இரவில் சரியும். மேல் வெட்டில் 5 செ.மீ. குழி தோண்டி, பாதித் தேங்காயையோ காய்ப் பப்பாசிப் பாதியையோ இருத்தி விளக்கு ஏற்றலாம். வாழைக் கயர் உடுப்பில் பட்டால் போகாது, பழைய உடுப்போடு வெட்டுங்கோ.

பந்தத்துக்குப் பருத்தித் துணி மட்டும். 45 செ.மீ. தடி, 5 செ.மீ. அகலக் கிழிசல், பெருவிரல் மொத்தம் வர இறுக்கிச் சுற்றி, தேங்காயெண்ணெயில் தோய்த்து, சொட்டாத அளவுக்குப் பிழிய வேணும். பொலியெஸ்ரர் கலந்த சீலை எரியும்போது உருகித் துளி துளியாக நெருப்பாய் விழும். கிடுகு வேலிக்குப் பக்கத்தில் பந்தம் நடவே வேண்டாம்.

ஜாம் போத்தல் விளக்கு வைப்பவர்கள் தாழ்வாரத்துக்குள் வையுங்கோ. சூடான கண்ணாடியில் மழைத்துளி பட்டால் வெடிக்கும். அடியில் 2 செ.மீ. காய்ந்த மணல், ஈர மணல் போட்டால் போத்தல் உள்ளே வேர்த்து வெளிச்சம் மங்கும்.

பாஷையூரான்:

பாலன் குடிலுக்கு (யேசு பிறந்த குடிலுக்கு) மலை செய்ய சீமெந்துப் பைக் கடதாசியை விட மலிவும் திறமும் இல்லை. தூசி தட்டி, நனைத்து, கசக்கி, விரித்து, பாதி காய்ந்ததும் பெட்டிகளின் மேல் போர்த்தி, அக்கா சொன்ன மாப்பசையை மேலே பூசினால் கல்லாய் இறுகும். கரித்தூளும் காவியும் பசையில் கரைத்து அடியுங்கோ, பள்ளத்தில் கரி, மேட்டில் காவி. வைக்கல் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேணும், ஈர வைக்கல் மூன்றாம் நாள் மணக்கும்.

ரெஜிபோம் (தெர்மோகோல்) பாவித்தால் பைன்டர் கம் மட்டும். சப்பாத்து ஒட்டுகிற பசையும் ஸ்பிறே பெயின்றும் அதைத் தின்று ஓட்டையாக்கும். மெழுகுதிரி பக்கத்திலேயே வரக்கூடாது.

கொக்குவில் அக்கா:

கூட்டை அடுத்த வருசத்துக்கு எடுத்து வைப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. றிசைக் கிழித்தெடுத்து ஐந்து முட்டுத்தடியையும் கழற்றினால் இரண்டு வெள்ளியும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, மூன்று விரல் மொத்தத்தில் கூரை வளைக்கு மேலே செருகலாம். ஆனபடியால் முட்டுகளை மட்டும் இழுத்தால் கழருகிற சுருக்கு முடிச்சில் கட்டுங்கோ, அதற்கு பைன்டர் கம் வைக்காதேங்கோ. முட்டுக்கும் அது நிற்கிற இடத்துக்கும் 1, 2, 3 என்று ஒரே இலக்கம் எழுதி, ஐந்தையும் ஒரு றப்பர் வளையத்தில் போட்டு மேல் நுனியிலேயே தொங்கவிடுங்கோ.