ஹெர்மிஸ் மூழ்கிய நாளில் வானில் இருந்தவர்கள்

கல்லடி ஆசிரியர்:
வணக்கம். எங்கள் மாணவர்களுக்காகப் புகழ்பெற்ற போர் விமானிகள் பற்றிய கண்காட்சி ஒன்றை ஆயத்தம் செய்கிறேன். எந்த நூலைப் புரட்டினாலும் 80 விமானங்களை வீழ்த்திய ரிக்தோஃபன், 352 விமானங்களை வீழ்த்திய ஹார்ட்மன் என்று எண்ணிக்கையே முன்னுக்கு நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாக்கியதில் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பலோடு தொடர்புடைய ஒரு விமானியைக் காட்ட விரும்புகிறேன். யாரைத் தெரிவு செய்யலாம்? விமானந்தாங்கிக் கப்பலாக இருந்தும் அதிலிருந்து ஒரு விமானமேனும் ஏன் எழவில்லை?

வாவிக்கரை:
1942 ஏப்ரல் 9 அன்று அந்தக் கப்பலில் விமானங்களே இருக்கவில்லை, ஐயா. அதன் சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தில் தரையில் நின்றன. தாக்குதலை எதிர்பார்த்து முதல் நாள் இரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே வந்த கப்பலை ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. உதவிக்கு வந்த ஃபுல்மர் விமானங்கள் கப்பல் மூழ்கிய பின்னரே வந்து சேர்ந்தன. 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது.

கல்முனை வாசகர்:
என் தெரிவு லெனார்ட் பேர்ச்சல். கனடாவைச் சேர்ந்த இவர் எந்த விமானத்தையும் வீழ்த்திப் பெயர் பெற்றவர் அல்லர். தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து கட்டலினா என்ற, நீரில் இறங்கும் பறக்கும் படகில் வேவு பார்க்கச் சென்ற இவர், 1942 ஏப்ரல் 4 அன்று, திரும்ப வேண்டிய நேரத்தில், அடிவானத்தில் சில புள்ளிகளைக் கண்டார். தப்பிச் செல்லாமல், அவை என்ன கப்பல்கள் என்று எண்ணிப் பார்ப்பதற்காக நெருங்கினார். ஐந்து நாள் கழித்து ஹெர்மிஸை மூழ்கடித்த அதே ஜப்பானியக் கப்பற்படைதான் அது. கட்டலினா நாள் முழுதும் பறக்கக்கூடியது. ஆனால், மணிக்கு 500 கிலோமீற்றருக்கு மேல் பாயும் சீரோ போர் விமானங்களுக்கு முன்னால் அது மாட்டுவண்டிக்குச் சமம். குண்டுகள் விமானத்தின் உடலைத் துளைக்கும் நேரத்திலும் வானொலி இயக்குநர் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்பது பேரில் மூவர் இறக்க, ஏனையோர் சிறைப்பட்டனர். அந்தச் செய்தி கிடைத்ததால்தான், மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று தாக்குதல் வருவதற்கு முன்பே கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவற்றை வெளியேற்ற முடிந்தது. ஜப்பானியச் சிறைமுகாமிலும் சக கைதிகளுக்காக அடி வாங்கியபடி எதிர்த்து நின்றவர் அவர். என் கணிப்பில், வீழ்த்தியவர்களின் பட்டியலுக்கு மேலே வைக்கத் தக்க பெயர் இது.

வாவிக்கரை:
பேர்ச்சலை நானும் மதிக்கிறேன். எனினும், எங்கள் கடலின் கதையைச் சொல்லும்போது மறுதரப்பின் திறமையையும் மறைக்கக் கூடாது. ஹெர்மிஸைத் தாக்கிய ஐச்சி குத்துக்குண்டு விமானங்களுக்குச் சக்கரங்களை உள்ளிழுக்கும் வசதிகூட இல்லை. 250 கிலோ குண்டோடு செங்குத்தாக இறங்கி, நகரும் கப்பலின் தளத்தில் துல்லியமாக விழுத்தினார்கள். அவர்களை வழிநடத்திய எகுசா தகஷிகே 1944இல் போரிலேயே இறந்தார்.

கல்லடி ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. கட்டலினாவையும் ஐச்சியையும் ஒரே மேசையில், ஒரே அளவுத்திட்டத்தில் மாதிரிகளாகச் செய்து வைக்கிறோம். இறக்கைகளை இன்றே வெட்டத் தொடங்குகிறார்கள்.