பிலாட்டிஸ் பயிற்சி யோகாவிலிருந்து எடுத்ததா?

கொடிமுல்லை:
முதுகுவலிக்காக மூன்று மாதமாகப் பிலாட்டிஸ் வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் எங்கள் பயிற்சியாளர், "இதெல்லாம் நம்ம யோகாதான். ஒரு ஜெர்மன்காரர் திருடித் தன் பேரை வெச்சுக்கிட்டார்" என்றார். எனக்கும் அது சரி என்றே படுகிறது. குப்புறப் படுத்து, கணுக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆடும் 'ராக்கிங்' அப்படியே தனுராசனம். 'ரோல் ஓவர்' ஹலாசனம். 'ஸ்வான்' புஜங்காசனம். தனுராசனம் என்ற பெயர் 15-ஆம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையின் மரபிலேயே சொல்லப்படுகிறது. ஜோசப் பிலாட்டிஸ் பிறந்ததோ 1883-இல். அப்புறம் என்ன சந்தேகம்?

தறிநாடா:
மேடம், இரண்டும் ஒத்திருக்கின்றன, சரி. அதற்காக எடுத்தார் என்று எப்படிச் சொல்வது? அவர் வளர்ந்த இடத்தைப் பாருங்கள். மோன்ஷன்கிளாட்பாக், ஜெர்மனியில் ஒரு நெசவு ஊர். அப்பா ஜிம்னாஸ்டிக்ஸ்காரர். 1811-இல் பெர்லினின் ஹாசன்ஹைடே திடலில் யான் என்பவர் தொடங்கிய 'டுர்னன்' என்ற ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி அதற்குள் ஊருக்கு ஊர் சங்கமாகப் பரவியிருந்தது. ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் என்று நோஞ்சானாக இருந்த பையன், உடற்பயிற்சி, குத்துச்சண்டை என்று பழகித்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டான்.

அவர் தன் முறைக்கு வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. 1945-இல் எழுதிய நூலில், மனமே உடலைக் கட்டுகிறது என்று சொல்ல அவர் துணைக்கு அழைப்பது ஜெர்மன் கவிஞர் ஷில்லரை, யோக சூத்திரம் தந்த பதஞ்சலியை அல்ல.

அந்த நூலில் மொத்தம் 34 பயிற்சிகள். முதலாவதான 'ஹண்ட்ரட்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்கி, கால்களை நீட்டித் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, கைகளை உடம்பை ஒட்டி மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சு உள்ளே, ஐந்துக்கு வெளியே, நூறு வரைக்கும். ஆசனம் என்றால் நிலையாகவும் சுகமாகவும் இருப்பது என்கிறது யோக சூத்திரம். இங்கே நிலையாக நிற்கும் பேச்சே இல்லை.

கொடிமுல்லை:
ஷில்லரைச் சொன்னார் என்பதால் யோகாவே தெரியாது என்றாகிவிடுமா? விவேகானந்தரின் ராஜயோகம் நூல் 1896-இலேயே மேற்கில் வந்துவிட்டது. ஈரத்துணியை ஒட்டப் பிழிவதுபோல நுரையீரலிலிருந்து கெட்ட காற்றைப் பிழிந்து வெளியேற்று என்று பிலாட்டிஸ் எழுதுகிறார். மூச்சுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது பிராணாயாமம் இல்லாமல் வேறென்ன?

தறிநாடா:
ராஜயோகம் மூச்சையும் தியானத்தையும் பற்றியது. அதைப் படித்து யாரும் ராக்கிங் கற்றுக்கொள்ள முடியாது. கிருஷ்ணமாச்சாரியார் மைசூரில் எழுதிய ஆசன நூல், யோக மகரந்தம், வந்தது 1934-இல். பின்னாளில் சென்னைக்கு வந்து 1989 வரை வாழ்ந்தாரே, அவரேதான். பிலாட்டிஸ் 1926-லேயே நியூயார்க் போய், எட்டாம் அவென்யூவில் கூடம் போட்டுவிட்டார்.

அந்தியூர்_சிவா:
இரண்டு பேரும் முகாமை விட்டுவிட்டீர்களே! முதல் உலகப்போர் வந்தபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மன்காரர் என்பதால் பிடித்து லங்காஸ்டரில் அடைத்தார்கள், பிறகு மேன் தீவின் நாக்கலோ முகாமுக்கு அனுப்பினார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் கட்டிலில் ஸ்பிரிங்கை மாட்டி, படுத்தபடியே இழுத்துப் பயிற்சி செய்ய வைத்தார். 1918 விஷக்காய்ச்சலில் அவரிடம் பயின்ற ஒருவர்கூடச் சாகவில்லை. அடைபட்டுக் கிடந்த மனிதன் உருவாக்கியது இது. யோகாவும் இல்லை, டுர்னனும் இல்லை.

நிலா_அம்மா:
தம்பி, முகாமில் இருந்தார் என்பது உண்மை. காய்ச்சல் கதையை மட்டும் நான் நம்பமாட்டேன். சிலர் "அவரிடம் பயின்றவர்கள் சாகவில்லை" என்கிறார்கள், சிலர் "முகாமிலேயே யாரும் சாகவில்லை" என்கிறார்கள். நாக்கலோவில் 20,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். சொல்லச் சொல்ல வளர்ந்த கதை இது. அவரைப் பற்றிய பழைய கதைகளில் பல அவரே பின்னாளில் சொன்னவை.

கட்டில் கதை அப்படியில்லை, அதற்குக் கொஞ்சம் கண்ணெதிரே ஆதாரம் உண்டு. அவருடைய 'கடிலாக்' கருவியைப் பாருங்கள். நாலு கால் கட்டில், மேலே இரும்புச் சட்டம், அதிலிருந்து தொங்கும் ஸ்பிரிங்குகள். ஆஸ்பத்திரிக் கட்டிலேதான்! யோகாவோடு ஒப்பிடுகிறவர்கள் தரையில் மேட் விரித்துச் செய்யும் பயிற்சியை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். அவர் வாழ்நாளில் பாதி ஸ்பிரிங்கோடு கழிந்தது. ரிஃபார்மர் என்ற அவருடைய ஸ்பிரிங் பூட்டிய நகரும் படுக்கையில் படுத்துக் காலால் தள்ளும்போது எதிர்த்து இழுக்கிறதே, அதற்கு எந்த ஆசனத்தில் இணை இருக்கிறது?

அந்தியூர்_சிவா:
சரி அக்கா, காய்ச்சலை விட்டுவிடுகிறேன். கட்டிலை விடமாட்டேன்.

தறிநாடா:
இன்னொன்று. பிலாட்டிஸ் 1967-இல் இறந்தார். அந்தப் பெயரை ஒரு நிறுவனம் வணிகச் சின்னமாக வைத்திருந்தது. 2000-இல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், யோகா, கராத்தே போல இதுவும் ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர்தான் என்று அந்த உரிமையை ரத்து செய்தது. அதனால்தான் இன்று யாரும் பலகை மாட்டலாம். வகுப்புக்கு வகுப்பு ஒரு வரலாறும் சொல்லலாம். உங்கள் பயிற்சியாளர் சொன்ன 'திருடினார்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. செத்துப்போன மனிதர் மேல் ஆதாரம் இல்லாமல் சுமத்துகிற பழி அது.

கொடிமுல்லை:
'திருடினார்' என்பதை நான் திரும்பப் பெறுகிறேன். பயிற்சியாளரிடமும் சொல்கிறேன்.

நேற்று இரவு மேட் விரித்து இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தேன். தனுராசனத்தில் உடம்பு வளைந்து நின்றது, மூச்சு தன்பாட்டுக்கு ஓடியது. ராக்கிங்கில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மூச்சு. தவறினால் மார்பு தரையில் இடிக்கிறது. நிலா அம்மா சொன்ன ஸ்பிரிங்குக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கணுக்காலைப் பிடிக்கிற அந்தப் பிடி இரண்டிலும் ஒன்றுதான். அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று டுர்னன் பக்கமிருந்து யாராவது ஒரு படம் காட்டுங்கள், பார்க்கலாம்.