மறு: ஸ்லோ குக்கர், பாட் ரோஸ்ட் – கலைச்சொல் தேவை

> சமையல் குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஸ்லோ குக்கருக்கு ‘மெதுசமைப்பான்’, பீஃப் பாட் ரோஸ்ட்டுக்கு ‘மாட்டிறைச்சி வறுவல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம் ஐயா,

‘வறுவல்’ வேண்டவே வேண்டாம். நம் வாசகருக்கு வறுவல் என்றால் சிறு துண்டுகளாக நறுக்கி, மிளகும் சோம்பும் சேர்த்து ஈரம் வற்றப் பிரட்டியது. அமெரிக்கர்களின் பாட் ரோஸ்ட் வேறு. தோள்பகுதி இறைச்சி ஒன்றரைக் கிலோவை ஒரே கண்டமாக எடுத்து, எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி, அடியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பரப்பி மேலே வைப்பார்கள். இனிப்பு-உவர்ப்பு வகைக்குப் பழுப்புச் சர்க்கரை, சோயா சாஸ், பூண்டு, கொஞ்சம் வினிகர் கலந்த சாற்றை ஊற்றி மூடினால் எட்டு மணி நேரம் திறக்க வேண்டியதில்லை. தோள் இறைச்சியின் கொலாஜன் (தசையை இணைக்கும் கெட்டிப் புரதம்) 70 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட ஈரச்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் ஜெலட்டினாக இளகும். பிறகு முள்கரண்டியைக் குத்தித் திருப்பினாலே நார்நாராகப் பிரிந்துவிடும்.

இது வேக்காடு. பொருநராற்றுப்படை ‘துருவையம் புழுக்கின் பராஅரை வேவை’ என்று வெந்த தொடைக்கறியைச் சொல்லிவிட்டு, அடுத்த அடியிலேயே ‘காழின் சுட்ட’, அதாவது கம்பியில் கோத்துச் சுட்ட ஊனைத் தனியாகச் சொல்கிறது. வேகவைத்ததைக் குறிக்கும் அந்தப் ‘புழுக்கு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே? ‘இனிப்பு-உவர்ப்பு மாட்டிறைச்சிப் புழுக்கு’ என்பது என் பரிந்துரை.

கலனுக்கு, அதாவது மின்சாரத்தில் மெல்லச் சமைக்கும் ஸ்லோ குக்கருக்கு வருவோம். சிகாகோவின் இர்விங் நாக்ஸன் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதர்கள் சோலண்ட் என்ற ஓய்வுநாள் குழம்புப் பானையை ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் விட்டுவைத்ததைத் தாய் சொல்லக் கேட்டதே தூண்டுதல். ரைவல் நிறுவனம் 1971இல் ‘கிராக்-பாட்’ என்று அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஆக, நெடுநேரம் விட்டுவைப்பதுதான் இதன் இயல்பு. ‘மெது’வைவிட ‘நெடு’ பொருந்தும்: நெடுவேக்கலன்.

இன்னொன்று, கலனின் சூட்டு அளவான ‘லோ’ (low) என்பதை ‘இளஞ்சூடு’ என்று எழுதிவிடாதீர்கள். வெதுவெதுப்பான சூட்டில் இறைச்சி கெட்டுப்போகும். பெரும்பாலான கலன்களில் லோ, ஹை இரண்டுமே கொதிநிலைக்குச் சற்றுக் கீழே போய் நிற்பவை. அங்கே போய்ச்சேரும் நேரம்தான் மாறுகிறது. ‘சிறுதீ, பெருந்தீ’ போதும்.

---

> நெடுவேக்கலன்

அருமை, என் மொழிபெயர்ப்புக்கு ஏற்கிறேன். புழுக்கு பற்றி மட்டும் ஒரு தயக்கம்: இன்றைய வாசகர் முதலில் புழுக்கத்தை நினைப்பார். ஆனால் புழுங்கல் அரிசி வீட்டுக்கு வீடு இருக்கிறது, மலையாளத்தில் கப்பைப் புழுக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது. அதனால் சொல் செத்துவிடவில்லை. தலைப்பில் ‘மாட்டிறைச்சிப் புழுக்கு’ என்றும், முதல் வரியில் ‘பாட் ரோஸ்ட் எனப்படும்’ என்றும் கொடுத்துவிடலாம். சிறுதீ, பெருந்தீயை ஏற்கிறேன். ஆனால் கலனின் குமிழில் ஆங்கிலத்தில்தானே இருக்கும்? செய்முறையில் ‘சிறுதீயில் 8 மணி நேரம்’ என்று எழுதும்போது அருகில் ‘லோ’ என்றும் ஒருமுறை போட்டுவிடுகிறேன் ஐயா.