பொது அகராதியைத் துறை உரையில் ஓட்டும்போது எங்கே இடறுகிறது?

வேர்ட்நெட் என்பது ஆங்கிலச் சொற்களின் பொருள்களை வரிசையிட்டுத் தரும், கணினிக்கான பொது அகராதி. அதை மருத்துவ அறிக்கைகளில் ஓட்டினால் முதலில் இடறுவது 'கல்ச்சர்' போன்ற பழகிய சொற்களில்தான். பல பொருள்களில் முதலாவதை எடுத்துக்கொள் என்பதே வழக்கமான விதி. அந்த வரிசை, சொற்களுக்குக் கையால் பொருள் குறித்த செம்கார் தொகுப்பில் ஒவ்வொரு பொருளும் வரும் எண்ணிக்கையிலிருந்து வந்தது. செம்காரோ, 1961இல் அமெரிக்காவில் அச்சானவற்றைத் திரட்டிய பிரவுன் கார்பஸ் என்ற உரைத்தொகுப்பின் ஒரு பகுதி. ஆகவே ஆய்வகம் 'கல்ச்சர் நெகட்டிவ்' என்று எழுதினால் கருவி சமூகப் பண்பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். நுண்ணுயிர் வளர்ப்பு என்ற பொருளும் அங்கேயே இருக்கிறது, கீழே கிடக்கிறது. புதுச் சொல் சேர்ப்பதற்கு முன் இந்த வரிசையை மாற்றுங்கள்.

பொது உரையைவிடத் துறை உரையில் மிகுதியாக வரும் 500 சொற்களை லாக்-லைக்லிஹுட் (இரு உரைகளில் ஒரு சொல் வரும் அளவின் வேறுபாட்டை அளக்கும் புள்ளியியல்) கணக்கில் எடுங்கள். சொல்லுக்கு 30 வாக்கியம் வைத்து இருவர் தனித்தனியே பொருள் குறிக்கட்டும். மூலக் கோப்பைத் தொடவேண்டாம். திருத்தங்கள் தனிக் கோப்பில் இருக்கட்டும். அதில் சின்செட் ஆஃப்செட் எண்ணை, அதாவது ஒரே பொருள் தரும் சொற்கூட்டம் கோப்பில் இருக்கும் இட எண்ணைப் போட்டால் அடுத்த பதிப்பில் எண்கள் மாறி எல்லாம் தடம்புரளும். ஒவ்வொரு பொருளுக்கும் உரிய அடையாளக் குறியான சென்ஸ் கீயைப் போடுங்கள்.

*

அகராதிக்கு முந்தைய படியையும் பாருங்கள். ஆங்கில உரையைச் சிறிய எழுத்தாக்கியதும் 'எய்ட்ஸ்' நோய், சொல்லை அடிப்படை வடிவமாக்கும் லெமட்டைசரில் கடைசி எஸ் உதிர்ந்து, உதவி என்று பொருள்படும் 'எய்ட்' ஆகிவிடும். ஒருவகை இரத்தப் புற்றுநோயின் சுருக்கமான 'ஏ.எல்.எல்.', பொருட்டில்லை என நீக்கப்படும் சொற்களின் (ஸ்டாப்வேர்டு) பட்டியலிலுள்ள 'ஆல்' ஆகி மறையும். அதே பட்டியல் 'நோ', 'நாட்' இரண்டையும் தூக்கிவிடுவதால் 'நோ ஃபீவர்' என்ற குறிப்பில் காய்ச்சல் மட்டும் மிஞ்சும். நோயாளிக்கு இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழை இது, சிறிதென்று விடக்கூடாது. முதலில் துறைச் சொற்பட்டியலோடு பொருத்துங்கள், சிக்கியதைப் பூட்டுங்கள், எழுத்து மாற்றமும் வேர் பிரிப்பும் அதன் பிறகே.

*

நிதி அறிக்கைகளிலும் இதே கதை. நிதித்துறை ஆய்வாளர்கள் லாக்ரன், மெக்டொனால்ட் இருவரும் 2011இல் காட்டியது: உரையின் மனநிலையை அளக்கப் பயன்படும் ஹார்வர்டு சொற்பட்டியல் எதிர்மறை என எண்ணும் சொற்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, நிதி உரையில் எதிர்மறையே அல்ல. 'டேக்ஸ்', 'காஸ்ட்', 'லயபிலிட்டி' எல்லாம் சாதாரணக் கணக்குச் சொற்கள். 'கேன்சர்' வந்தால் அது மருந்து நிறுவனம், 'மைன்' வந்தால் சுரங்க நிறுவனம். எதிர்மறைச் சொற்களை எண்ணி வரும் மதிப்பெண் அளப்பது மனநிலையை அல்ல, தொழிலை. அதிகம் அடிபடும் 50 சொற்களை மட்டும் உட்கார்ந்து பார்த்து நீக்கினாலே பெரும்பிழை போய்விடும்.

*

பெர்ட் வகை மொழி மாதிரிகள் அகராதிக்குப் பதில் டோக்கன் எனும் சொற்கள், சொல்துண்டுகளின் பட்டியலை வைத்திருக்கின்றன: ஆங்கில பெர்ட்டின் சிறிய எழுத்துப் பதிப்பில் 30,522 டோக்கன்கள். அறிவியல் கட்டுரைகளிலிருந்து தனியாகக் கட்டிய சைபெர்ட் டோக்கன் பட்டியலோடு அது 42% மட்டுமே ஒத்துப்போகிறது. புது டோக்கன் சேர்த்தால் ஒவ்வொரு டோக்கனுக்கும் ஓர் எண்வரிசை வைத்திருக்கும் எம்பெடிங் அட்டவணையையும் நீட்டவேண்டும். புது வரிசையைத் தற்செயல் எண்களால் நிரப்பாமல், அச்சொல் முன்பு உடைந்த துண்டுகளின் சராசரியை இடுங்கள். பிறகு துறை உரையில் முன்பயிற்சியைத் தொடரவேண்டும், அது இல்லாவிட்டால் பழைய துண்டுகளே மேல். உரையில் நூறு தடவைகூட வராத சொல்லுக்குத் தனி டோக்கன் தேவையில்லை.