ஞாயிறு பிள்ளைங்க வராங்க, கேம்ப் கவுன்சிலர் வேலை, அவசர உதவி வேணும்

குட்டித்தீவு:
அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து ஒன்பது நாள் ஆச்சு. சம்மர் கேம்ப்ல கவுன்சிலர் வேலை, அதாவது பிள்ளைங்க கூடவே தங்கிப் பார்த்துக்கறது. ட்ரெய்னிங் நாளையோட முடியுது, ஞாயிறு மதியம் பிள்ளைங்க வந்து இறங்குறாங்க. என் கேபின்ல எட்டு பேர். ஆபீஸ்ல ரெண்டு ஃபாரம் கொடுத்து நாளைக்குள்ள கேட்டிருக்காங்க, என்ன எழுதணும்னே புரியல. அதைவிட ராத்திரியை நினைச்சாதான் வயித்தைக் கலக்குது. வீட்டுக்குப் போகணும்னு யாராவது அழுதா என்ன பண்றது? சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் போன் கையில இருக்கும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நெய்தல்:
விசா என்னன்னு முதல்ல சொல்லும்மா, அது தெரியாம ஃபாரம் பத்திப் பேச முடியாது. ஜே-1 (பரிமாற்றத் திட்ட விசா) கேம்ப் கவுன்சிலர்னா ஒரு வழி. எஃப்-1 விசா மாணவின்னா சிபிடி இல்லாட்டி ஓபிடிங்கற, மாணவர்களுக்கான வேலை அனுமதி கையில இருக்கணும். எச்-4னா (எச்-1பி போன்ற எச் வேலை விசாக்காரரோட குடும்பத்துக்கான விசா) ஈஏடிங்கற வேலை அனுமதி அட்டை இல்லாம தொடவே கூடாது. "சம்பளம் வேணாம், சாப்பாடும் தங்க இடமும் போதும்"னு சேர்றவங்க இருக்காங்க. அந்தச் சாப்பாடும் இடமும்கூட சம்பளமாத்தான் கணக்காகும், ஜாக்கிரதை.

கோடைமழை:
விசா கிடக்கட்டும், பையில என்ன இருக்குன்னு பாருங்க. தலையில மாட்டுற டார்ச், மழைக்கோட்டு, ரெண்டு ஜோடி ஷூ (ஒண்ணு எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்), போன் இல்லாததால பேட்டரி அலாரம். 20-30 சதவீதம் டீட்ங்கற பூச்சி விரட்டி இருக்குற கொசு மருந்து. காட்டுப் பக்கம் போனா பேன்ட் நுனியை சாக்ஸுக்குள்ள சொருகிக்கணும். உண்ணி கடிச்சா மேல வாஸ்லின் தடவுங்க, தானா விழுந்துடும்.

மருந்துப்பெட்டி:
வாஸ்லின் வேண்டவே வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். அது தானா விழட்டும்னு காத்திருக்கற நேரம்தான் ஆபத்து. உண்ணி கடியால வர்ற லைம் நோய்க் கிருமி பரவ பெரும்பாலும் உண்ணி 24 மணி நேரத்துக்கு மேல ஒட்டியிருக்கணும், அதனால பார்த்த உடனே எடுக்கணும். நுனி கூரான ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு, முறுக்காம, நேரா மேல இழுக்கணும். குளிக்கும்போது காதுக்குப் பின்னாடி, அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி படுற இடம் எல்லாம் பிள்ளைங்களே பார்த்துக்கப் பழக்குங்க. உண்ணி இருந்தா நர்ஸ்கிட்ட அனுப்புங்க, எடுக்குறது அவங்க வேலை.

வடகாற்று:
வேலைக்குச் சேரும் முன்னாடி சம்பளத்தைப் பத்தி யாரும் சொல்றதில்ல. சீசனுக்கு மொத்தமா ஒரு தொகை, ராத்திரி பகல் பாராத வேலை, வாரத்துக்கு ஒரு நாள் லீவு. மணிக்கணக்குப் போட்டா மனசு ஆறாது. முதல் மாசம் தூக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

ஆலமரம்:
அந்த ஆதங்கம் நியாயம்தான். ஆனா வருஷத்துல ஏழு மாசத்துக்கு மேல நடக்காத கேம்ப்புக்கு மத்திய அரசோட குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துல விலக்கு உண்டு, அதனாலதான் மொத்தத் தொகை. கேட்க வேண்டிய கேள்வி வேற: அதே வேலை செய்யுற அமெரிக்கக் கவுன்சிலருக்கு என்ன தராங்களோ அதுக்குச் சமமா ஜே-1ல வர்றவருக்கும் தரணும். அது விதி.

வடகாற்று:
விதி இருக்கு, யார் கேட்கிறாங்க? கவுன்சிலர்னு கூப்பிட்டு பாத்திரம் கழுவ விடுறாங்க. லீவு நாள்ல வெளிய போகவும் வண்டி இல்ல.

ஆலமரம்:
சாப்பாட்டு மேசையைத் துடைக்கிறது, கேபினைப் பெருக்குறது எல்லாரும் செய்யுற வேலை. ஆனா சமையல்காரராவோ, பாத்திரம் கழுவவோ, துப்புரவுக்கோன்னு ஜே-1 கவுன்சிலரை முழுநேரம் போட விதியில இடமில்ல. அப்படி நடந்தா கோபத்துல பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடக் கூடாது. ஸ்பான்சருக்கு (ஜே-1 திட்டத்தை நடத்துற அமைப்பு) தெரியாம வெளியேறினா திட்டம் ரத்தாகும், முடிச்சவங்களுக்கு நாட்டுல தங்கக் கிடைக்கிற 30 நாள் அவகாசமும் போயிடும். முதல் போன் ஸ்பான்சருக்கு. பாஸ்போர்ட்டை "நாங்க பத்திரமா வெச்சுக்கறோம்"னு சொன்னாலும் நீங்க கேட்ட உடனே திருப்பித் தரணும்.

குட்டித்தீவு:
மன்னிச்சிடுங்க, முக்கியமானதைச் சொல்லல. ஜே-1, இந்திய பாஸ்போர்ட், மெய்ன் மாநிலம். பிள்ளைங்க எல்லாம் ஏழு, எட்டு வயசுப் பொண்ணுங்க. கேபின்ல இன்னொரு கவுன்சிலரும் உண்டு. ஃபாரம் பேர் டபிள்யூ-4 (சம்பளத்துல வரி பிடிக்க), ஐ-9 (வேலை செய்ய அனுமதி இருக்கான்னு பார்க்க). எஸ்எஸ்என், அதான் சோஷியல் செக்யூரிட்டி நம்பர், இன்னும் வரல.

நெய்தல்:
இப்பதான் நிம்மதி. ஐ-9க்கு பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு) பிரின்ட், டிஎஸ்-2019 (ஸ்பான்சர் தந்த ஜே-1 சான்று) மூணும் கொண்டு போ. டபிள்யூ-4ல "சிங்கிள்" டிக் பண்ணி, 4(சி)க்குக் கீழ இருக்குற இடத்துல நான்ரெசிடென்ட் ஏலியன்னு (வரிக் கணக்குல இந்த நாட்டுவாசி இல்லாத வெளிநாட்டவர்) ஆங்கிலத்துல எழுது. "எக்ஸெம்ப்ட்"னு (வரிப் பிடித்தமே வேணாம்னு அர்த்தம்) எழுதிடாத, அந்தத் தப்பு அடுத்த ஏப்ரல்ல வரி கட்டும்போதுதான் தெரியும். எஸ்எஸ்என் கட்டத்தை விட்டுட்டு, விண்ணப்பிக்கப் போறதைச் சொல்லிடு. நம்பர் வர்றதுக்கு முன்னாடியே வேலை செய்யலாம். சம்பளச் சீட்டுல சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு (ஓய்வூதிய, முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரிகள்) 7.65 சதவீதம் பிடிச்சிருந்தா உடனே ஆபீஸ்ல கேளு, ஜே-1 நான்ரெசிடென்ட்டுக்கு அந்தப் பிடித்தம் கிடையாது.

கோடைமழை:
எஸ்எஸ்என்னுக்கு நாளைக்கே போயிடலாமே?

நெய்தல்:
வந்து சேர்ந்ததை ஸ்பான்சர் செவிஸ்ல (அரசோட விசாப் பதிவுத் தளம்) பதிஞ்சிருக்கணும். அது ஆகாம போனா எஸ்எஸ்என் ஆபீஸ் கணினியில பேர் காட்டாது, திருப்பி அனுப்பிடுவாங்க. பதிஞ்சதை உறுதி பண்ணிட்டு ரெண்டு நாள் கழிச்சுப் போகட்டும்.

தாழம்பூ:
காகிதம் முடிஞ்சது, இனி பிள்ளைங்க. அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் அளவுப்படி ராத்திரியும் தங்குற கேம்ப்ல 6 முதல் 8 வயசுக்கு ஆறு பேருக்கு ஒரு ஆள். எட்டு பேருக்கு ஒருத்தியா நிக்கக் கூடாது, அந்த இன்னொரு கவுன்சிலரோட லீவு நாள்ல யார் வருவாங்கன்னு நாளைக்கே கேட்டு வெச்சுக்க. ஹெல்த் ஃபாரம் எட்டையும் வாங்கிப் படி: அலர்ஜி, தூக்கத்துல நடக்குறது, படுக்கையில சிறுநீர் போறது. மருந்து எல்லாம் நர்ஸ்கிட்ட போகணும், இருமல் மிட்டாய்கூட உன் கையால கொடுக்காத. கேபினை விட்டுக் கிளம்பும்போதும், போய்ச் சேர்ந்த உடனேயும் தலையை எண்ணு.

கோடைமழை:
அழுதா ஒரு தடவை அம்மாகிட்ட போன் பேச விட்டா சரியாகிடும்.

தாழம்பூ:
ஏழு வயசுக்கு அது பெரும்பாலும் அழுகையை ஏத்திவிடும். அம்மா குரலைக் கேட்ட கையோட "வந்து கூட்டிட்டுப் போ"ன்னு ஆரம்பிக்கும். பேசணுமா வேணாமான்னு டைரக்டர் முடிவு பண்ணட்டும். "ரெண்டு நாள் இருந்து பார், பிடிக்கலைன்னா வீட்டுக்கு அனுப்புறோம்"னு மட்டும் வாக்குக் கொடுக்காத, குழந்தை அந்த ரெண்டு நாளையும் எண்ணிக்கிட்டேதான் இருக்கும். ஏக்கம் வர்றது சும்மா இருக்குற நேரத்துல: மதிய ஓய்வு, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது, விளக்கணைச்ச பிறகு. அப்ப கையில வேலை கொடு. சாப்பாட்டு மேசைக்கு தண்ணி ஜக் தூக்கிட்டு வரச் சொல்லு, வீட்டுக்கு எழுதற கடிதத்துல படம் வரையச் சொல்லு. "அழாத"ன்னு சொல்லாம, "வீட்டுல இந்நேரம் என்ன பண்ணுவீங்க?"ன்னு கேளு. அழுற குழந்தையோட தனியா ஓர் அறைக்குள்ள போகாத, மத்தவங்க கண்ணுல படுற வராண்டாவுல உட்கார்.

படுக்கையை நனைச்ச குழந்தை காலையில எழுந்திருக்காது, ஸ்லீப்பிங் பேக்கைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டுப் படுத்திருக்கும். சத்தம் போட்டு எழுப்பாத. மத்தவங்க பல் தேய்க்கப் போகட்டும், இன்னொரு கவுன்சிலர் வாசல்ல நிக்கும்போது மாத்து உடுப்பை நீட்டு. எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்குப் போன பிறகு மெத்தையைத் துடைச்சு, வேற விரிப்பு போட்டு, பழைய பொம்மையை அதே இடத்துல வெச்சிடு. நனைஞ்சதைத் துணி மூட்டையோட மூட்டையா அனுப்பு. அடுத்த ராத்திரியிலிருந்து எட்டு பேரையும் படுக்கும் முன்னாடி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போ, அந்தக் குழந்தையை மட்டும் தனியா கூப்பிடாத.

மருந்துப்பெட்டி:
ஒண்ணு சேர்த்துக்கறேன். "யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?"ன்னு ஒரு பிள்ளை ஆரம்பிச்சா வாக்குக் கொடுக்காதம்மா. "உன்னைப் பத்திரமா வெச்சுக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்"னு சொல்லு. அடி, தொல்லைன்னு ஏதாவது சொன்னா மேல குடைஞ்சு கேட்காம, அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி அன்னைக்கே டைரக்டர்கிட்ட கொடு.

குட்டித்தீவு:
எல்லாம் நோட்டுல எழுதிட்டேன் அக்கா. ஒருத்திக்கு வேர்க்கடலை அலர்ஜின்னு இப்பதான் ஃபாரம்ல பார்த்தேன். எபிபென் (கடுமையான அலர்ஜி வந்தா போடுற ஊசிப் பேனா) நர்ஸ் ரூம்லயே இருந்தா போதுமா?

மருந்துப்பெட்டி:
போதாது. ஏரிக்குப் போனாலும் மலையேறினாலும் அது அவ கூடவே வரணும், யார் பையில இருக்குன்னு கவுன்சிலர் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். தொடையோட வெளிப்பக்கம், உடுப்பு மேலேயே அழுத்தி மூணு செகண்ட் பிடி, உடனே அவசர உதவிக்கு 911 கூப்பிடு. ஊசி போட்டதும் தெளிஞ்சிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், அலர்ஜி திரும்ப வரலாம். நாளைக்குக் காலையில நர்ஸ்கிட்ட போய் பயிற்சிப் பேனாவை வாங்கி உன் தொடையில நாலு தடவை அழுத்திப் பாரு.