மறு: மணலுக்குள் ஒளியும் சிறுமீனுக்குத் தமிழ்ப் பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தமிழ் வகுப்புக்காகக் கரையோர உயிர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வருகிறோம். அதில் மணலுக்குள் ஒளியும் சிறுமீன்களான கிரீடிடே குடும்பத்துக்கு நீங்கள் இதுவரை சொன்ன பெயர்கள்: மணல்மீன், மணல்தும்பிலி, மணற்புதையான்.

மணல்மீன் என்றால் எதையும் குறிக்கும். கிழங்கான்கூட வலைக்குத் தப்ப மணலில் புதைகிற மீன்தானே. தும்பிலி வேறு குடும்பம். வாய் நிறையப் பல்லோடு நன்றாக வளரும் மீன். வேண்டாம்.

மணற்புதையான், ஓசைக்குக் கிழங்கானோடு சேர்ந்து நிற்கிறது. ஆனால் உண்ணான், உறங்கான் என்பதுபோல 'புதைய மாட்டான்' என்றல்லவா பொருள்படும்?

என் பரிந்துரை மணற்பதுங்கி. விரல் நீளம்கூடத் தாண்டாத மீன் இது. உடல் முழுவதும் மணலுக்குள் இருக்க, துருத்திய கண்கள் மட்டும் வெளியே தெரியும். ஆஸ்திரேலியப் பக்கம் வாழும் லிம்னிக்திஸ் ஃபாசியாட்டஸ் இனத்தின் கண்கள் பச்சோந்தியின் கண்களைப் போலத் தனித்தனியாகச் சுழல்கின்றன. கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலத்தின் (கார்னியா) வளைவை மாற்றியே இரையின் தூரத்தைக் குறிவைக்கின்றன. மீன்களில் இது அபூர்வம். சிறு இரை மேலே வந்ததும் ஒரே பாய்ச்சல், கவ்வல், மறுபடி மணல். புலி பதுங்குவது பாய்வதற்கே என்கிறோமே, அந்தப் பதுங்கல்தான் இதுவும். 'புதை' என்ற சொல்லில் இந்தப் பாய்ச்சல் வராது.

எங்கள் கரைக்கு உரியது, மொசாம்பிக்கிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ள அபோடோக்ரீடியா வாண்டர்ஹோர்ஸ்டி. 1948-இல் மீனியல் அறிஞர் டி போஃபோர்ட் விவரித்த இனம். இதற்கு இடுப்புத் துடுப்பு கிடையாது. பேரினப் பெயரின் முன்பாதியான 'அபோடோ'வும் அந்தத் துடுப்பைக் காலாக எண்ணி, காலில்லாதது என்றே சொல்கிறது. அதனால் 'காலிலி மணற்பதுங்கி' எனலாம். துடுப்பிலி என்றால் மற்றத் துடுப்புகளும் இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

மீனவர் வழக்கில் தேடச் சொன்ன நண்பருக்கு: அதுதான் முதல் வழி, மறுக்கவில்லை. ஆனால் வலைக்கண்ணில் நிற்காத, குழம்புக்கும் ஆகாத மீனுக்கு அங்கே தனிப்பெயர் கிடைப்பது கடினம். பாம்பன் பக்கமோ யாழ்ப்பாணத்திலோ யாராவது கேட்டிருந்தால் எழுதுங்கள். அந்தப் பெயரையே மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வேன்.

அப்புறம், பிள்ளைகளுக்காக மணல்பதுங்கி என்று எழுதலாமா என்ற கேள்வி. மணற்கேணியைக் குறளிலேயே படித்துவிடுகிறார்கள். மணற்பதுங்கியும் வாய்க்கு வந்துவிடும்.